காஞ்சிபுரத்தில் ஒரு வணக்கம் குறைந்தது

ஆட்டோ வந்து நின்ற இடம் கல்யாண மண்டபம் இல்லை, பட்டுப்புடவைக் கடை.

"செவிலிமேடு போகணும்னு சொன்னேனே தம்பி" என்றேன்.

"போலாம்மா. பொடவ பாத்துட்டுப் போலாம். மண்டபம் எங்கியும் ஓடிடாது" என்றார் ஓட்டுநர். சலீம் என்று பேருந்து நிலையத்திலேயே பெயரைச் சொல்லி, நான் மலேசியா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"நான் சேலை எடுக்க வரல. இங்க இருக்கிற பிள்ளைங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்திருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "மலேசியாலேர்ந்தா? பேசறதுக்கா? எங்க ஊர்ல பேசறதுக்கு ஆளு இல்லன்னு யாரும்மா சொன்னது?"

நியாயமான கேள்விதான். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் கடைக்குள் போய்விட்டேன். உள்ளே குளிராக இருந்தது, ஜில்லென்று மோர் கொடுத்தார்கள். மோரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தபோது சலீமின் முகம் தொங்கிப்போயிருந்தது. எங்கள் பினாங்கு டாக்சிக்காரர்கள் கட்டணம் அதிகம் கேட்பார்கள். ஆனால் போகச் சொன்ன இடத்துக்குத்தான் போவார்கள்.

நான் பினாங்கில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் புவனேஸ்வரி. இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சொற்போர் பழக்குவது இன்றைக்கும் விடாத பழக்கம். இங்கே பட்டிமன்றம் என்பார்கள், ஆனால் எங்கள் சொற்போர் வேறு மாதிரி. எந்தக் கட்சி பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். ஆளுக்கு நான்கு நிமிடம். எதிர்க்கட்சிக்காரர் நடுவில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கலாம். மணி அடித்தால் வாயை மூடிவிட வேண்டும்.

போன வருடம் பினாங்குக்குச் சுற்றுலா வந்த ஒருவர் எங்கள் பயிற்சியை எட்டிப் பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பெயர் ஜெயவேலு. தென்னேரிப் பக்கம் நிலம் இருக்கிறது, செவிலிமேட்டில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் கட்சியில் இருந்தாராம். இப்போது கட்சி இல்லை, மேடைப் பழக்கம் மட்டும் மிச்சம். என் மாணவிகள் இரண்டு பேர் மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு, கீழே இறங்கி ஒரே பொட்டலத்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டதைப் பார்த்து அவர் அசந்துபோனார். "எங்க ஊரா இருந்தா இந்நேரத்துக்கு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்த அறுந்திருக்கும்" என்றார்.

அன்றைக்கே அழைப்பு வந்தது. "மண்டபம் என்னுது, சாப்பாடு என்னுது. கோடை லீவுல பசங்கள அனுப்பச் சொல்றேன். நீங்க வந்து கத்துக்குடுங்கமா. நல்லா பேசற ரெண்டு பேர வருஷக் கடைசில நடக்கற உங்க போட்டிக்கு நானே டிக்கெட் போட்டு அனுப்பறேன்." ஒரே ஒரு நிபந்தனைதான். கடைசி நாளை விழாவாக நடத்த வேண்டும். விழா என்றால் என்ன என்று கேட்காமல் தலையாட்டி மாட்டிக்கொண்டேன்.

மண்டபத்தில் எனக்குக் கொடுத்தது மணமகன் அறை. ஆள் உயரக் கண்ணாடி, அதன் ஓரமெல்லாம் எத்தனையோ மாப்பிள்ளைகளின் சந்தனக் கைரேகை. சாவியோடு வந்த மேனேஜர் குமரன் மெதுவாகச் சொன்னார்: "முகூர்த்தம் இருந்தா மட்டும் காலி பண்ணித் தரணும்மா." உட்கார்ந்த நாற்காலியின் முதுகில் ஜெயவேலுவின் பெயர் இருந்தது. தண்ணீர் குடித்த டம்ளரிலும் இருந்தது. குளிக்கப் போனால் வாளியிலும் இருந்தது.

மறுநாள் காலை பிள்ளைகள் வந்தார்கள். பத்தாவது முடித்தவர்கள், பதினொன்று முடித்தவர்கள், பள்ளிக்கூடம் இல்லாத நிம்மதியும் வெயிலில் வந்த சலிப்பும் சேர்ந்த முகங்கள். வீட்டுப்பாடம் தேவையா என்று தலைப்புக் கொடுத்து, யார் முதலில் என்று கேட்டேன். செவிலிமேட்டுப் பையன் ஹரிஷ் துள்ளி எழுந்து வந்தான். தொண்டையைச் செருமினான்.

"கடல் கடந்து வந்து எங்களுக்குக் கல்விக்கண் திறக்கவிருக்கும் பாசத்திற்குரிய அம்மா அவர்களே, இந்த மண்டபத்தின் உரிமையாளர், ஏழைகளின் காவலர், உயர்திரு ஜெயவேலு ஐயா அவர்களே, மேலாளர் குமரன் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அறிவுசார் நண்பர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்புசார் நண்பர்களே..."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஜெயவேலு அப்போது மண்டபத்திலேயே இல்லை. ஒரு கட்டத்தில் மணியை அடித்தேன். பையன் திடுக்கிட்டு, "மேடம், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றான்.

அடுத்து வந்தவர்களும் அதே வழிதான். வணக்கம் முடிவதற்குள் நேரம் முடிந்தது. ஒரு பெண் மட்டும் வணக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டாள் என்று மகிழ்ந்தேன். உடனே, "இத்துடன் என் சிற்றுரையை முடித்து, வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்று இறங்கிவிட்டாள். நடுவில் ஒன்றுமே இல்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னையிலேர்ந்து வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. நேரா விஷயத்துக்கு வரணும்" என்றேன். செருப்போடு கோயிலுக்குள் போகச் சொன்னதைப்போல் என்னைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

"நெஜமாவா மேடம்? யாரு பேரும் சொல்ல வேணாமா?"

"வேண்டாம்."

"மேடைல யாரு உக்காந்திருந்தாலும்?"

"யார் உட்கார்ந்திருந்தாலும்."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஒல்லி உடம்பு, இரட்டைச் சடை, கூடத்தின் கடைசியிலிருந்து மைக் இல்லாமலே மூலைக்கு மூலை கேட்கும் குரல். "அப்ப பினாங்கு போற ரெண்டு பேர்ல நான் ஒருத்தி மேடம். இப்பவே சொல்லிட்றேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

யுவஸ்ரீ. முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அப்பா சாலையோரத்தில் பங்க்சர் கடை வைத்திருக்கிறார், அம்மா கம்பெனி பஸ் ஏறி செல்போன் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார். மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே விவரம் சொன்னாள்.

"ஆறாவதுலேர்ந்து எங்க ஸ்கூல்ல எந்த விழா நடந்தாலும் நன்றியுரை நான்தான் மேடம். எனக்குப் பேரெல்லாம் மனப்பாடமா நிக்கும், பேப்பர் வேணாம். கரண்ட் போனாலும் என் குரல் கேக்கும். அதனால என்னையே போட்டுட்றாங்க. நான் மைக் புடிக்கறப்ப எல்லாரும் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போயிக்கினு இருப்பாங்க. காலி நாற்காலிக்கு நன்றி சொல்லிக்கினு இருப்பேன்."

"பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுக்கலாமே?"

"குடுத்தேன். 'நீ நன்றியுரைக்கு இருக்கட்டும்மா, அது யாருக்கும் வராது'ன்னுட்டாங்க." சாம்பார் சாதத்தை வேகமாகப் பிசைந்தாள். "யாரோ பேசினதுக்கு எத்தினி நாளு நன்றி சொல்றது? ஒரு தபாவாச்சும் நான் பேசணும், வேற யாராச்சும் நன்றி சொல்லணும். நன்றியுரைக்கு மட்டும் என்னக் கூப்பிட்டுடாதீங்க மேடம்."

கூப்பிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் பயிற்சி சூடு பிடித்தது. கையைத் தூக்கி இடைமறித்துக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லிக்கொடுத்ததுதான் தாமதம், பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு பெண்ணின் அம்மா போன் செய்து, "பாத்திரம் தேய்க்கச் சொன்னா கையத் தூக்கி 'இடைமறிக்கிறேன்'னு நிக்கறாமா, இன்னா கத்துக்குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

ஜெயவேலு தினமும் மதியம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார். நல்ல பாயிண்டுக்கு வாய்விட்டுச் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் வணக்கம் இல்லாமல் ஆரம்பிக்கும்போது அவர் உடம்பு ஒரு முறை அசைந்து அடங்கும். "எடுத்தவுடனே ஆரம்பிச்சிடறாங்களேமா" என்றார் என்னிடம். நான்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். "ட்ரெய்னிங்ல பரவால்ல" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அந்த வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு காலை கோயில் இட்லி சாப்பிட ஆசைப்பட்டுச் சலீமைக் கூப்பிட்டேன். இட்லி என்றால் வெள்ளையாக, வட்டமாக, மெத்தென்று இருக்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தவள் நான். இது மந்தாரை இலையில் வைத்து நீட்டவாக்கில் அவித்து, துண்டு போட்டுத் தருகிறார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்து முதல் வாயில் மருந்துபோல இருந்தது. மூன்றாவது வாயில் இன்னொரு துண்டு கேட்டேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என் சேலையைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று சலீமைக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "பாவம், மழைல நனைஞ்சாலும் ஒன்னும் ஆவாத துணி, கிழியவும் கிழியாது, ஆயுசுக்கும் இதையே கட்டணும்னு சொல்றாங்கம்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கட இப்பத்தான் தொறந்திருப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த முறை நானும் அதிகம் எதிர்க்கவில்லை. கடையில் ஒரு அரக்குச் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பெருமாள் உற்சவத்துக்குத் தெருவை அடைத்துவிட்டார்கள். ஆட்டோ முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நேரம் தவறாமை பற்றி முந்தின நாள்தான் பிள்ளைகளுக்கு நீளமாக உபதேசம் செய்திருந்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது பெரிய சத்தம். யுவஸ்ரீ எனக்காகக் காத்திருக்காமல் சீட்டுக் குலுக்கி, இரண்டு கட்சி பிரித்து, சொற்போரையே ஆரம்பித்திருந்தாள். தலைப்பு: மேடம் உற்சவக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்களா, புடவைக் கடைக்குப் போய்விட்டார்களா. புடவைக் கடைக் கட்சிக்கு ஹரிஷ் பேசிக்கொண்டிருந்தான். "வெளியூர்ப் பெண்மணி ஒருவர் இந்த ஊரில் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?" கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. என் கையில் பை இல்லாததைக் காட்டி யுவஸ்ரீயின் கட்சி கடைசி நிமிடத்தில் ஜெயித்தது. நான் உண்மையைச் சொல்லவில்லை.

முகூர்த்த நாளும் வந்தது. விடிவதற்கு முன்பே கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாப்பிள்ளை பெட்டியோடு நிற்கிறார். பயிற்சியைச் சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்துக்கு மாற்றினோம். பந்திக்கு இடம் கிடைக்காதவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்கள். பெரியவர் ஒருவர் என்னிடம் குனிந்து, "பட்டிமன்றம் பொண்ணு வீட்ல வெச்சதா, மாப்ள வீட்ல வெச்சதா?" என்று விசாரித்தார். இரண்டு வீட்டிலும் இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. எங்கள் ஊரில் மாணவர் சொற்போருக்குப் பெற்றோரைக்கூடக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். இங்கே யார் பேசினாலும் உட்கார்ந்து கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். சலீம் முதல் நாள் கேட்டதில் தப்பில்லை.

கடைசி நாள் வந்தபோதுதான் விழா என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

மேடையில் இரண்டு வரிசை நாற்காலி. அரிசி மில்காரர், பள்ளித் தாளாளர்கள், ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற அதிகாரிகள், கடைசிவரை யாரென்று எனக்குத் தெரியாத ஒருவர். ஒவ்வொருவருக்கும் சால்வை. போர்த்தியவருக்குப் போர்த்திக்கொண்டவர் திருப்பிப் போர்த்தினார். எனக்கும் இரண்டு விழுந்தது. பிறகு வாழ்த்துரை. எல்லோருமே சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அதே மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன் இருந்தது. பூ அலங்காரக்காரர்கள் ஏணியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பிள்ளைகளின் சொற்போருக்கு அரை மணி நேரம் கிடைத்ததே பெரிய பாடு.

இறுதிக்கு வந்தவர்கள் நான்கு பேர், பக்கத்துக்கு இருவர். தலைப்புகளைப் பிள்ளைகளே எழுதிச் சொம்பில் போட்டிருந்தார்கள். ஜெயவேலு கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து மைக்கில் கம்பீரமாகப் படித்தார்: "விழா மேடைகளில் சால்வை போர்த்தும் வழக்கத்தை நிறுத்த வேண்டும்." படித்து முடித்துத் தன் தோளைப் பார்த்தார். மூன்று சால்வை. மண்டபம் வெடித்துச் சிரித்தது, அவரும் சிரித்தார். "எவன்டா இத எழுதினது?" என்று கேட்டபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சீட்டுக் குலுக்கியதில் நிறுத்த வேண்டும் என்ற பக்கம் யுவஸ்ரீக்கு விழுந்தது. நிறுத்த வேண்டாம் என்று மறுக்கும் பக்கம் ஹரிஷ்.

நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் அலங்கார விளக்கையும் நிஜ மைக்கையும் பார்த்ததும் பறந்துவிட்டது. முதல் பையன் மேடையில் இருந்தவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லி மூச்சு வாங்கினான். ஹரிஷ் ஏழைகளின் காவலரில் ஆரம்பித்துப் பல் டாக்டர் வரை வந்தான். மிச்சம் இருந்த நேரத்தில் நன்றாகத்தான் பேசினான். மாலை வாடும், சால்வை வாடாது என்றான். மூன்றாவதாக வந்த பெண் ஒரு பெயரை விட்டுவிட்டு, பாதியில் நினைவு வந்து, பேச்சை நிறுத்தி அதையும் சொன்னாள்.

யுவஸ்ரீ வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"இந்த வெயில்ல மூணு சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கவங்களப் பாருங்க. இவங்க மேல நமக்கு உண்மையிலேயே மரியாத இருந்தா, சால்வைய எடுத்துட்டு ஃபேன இந்தப் பக்கம் திருப்பி வெச்சிருப்போம்."

அவ்வளவுதான், கூட்டம் அவள் கைக்குள் வந்துவிட்டது. சால்வை மேடையிலிருந்து பீரோவுக்குப் போகிறது, பீரோவிலிருந்து அடுத்த மேடைக்குப் போகிறது, நமக்குப் போர்த்துவது யாரோ ஒருவர் போர்த்தி மடித்து வைத்தது, இது மரியாதையா, சுற்றுலாவா என்றாள். ஹரிஷ் கையைத் தூக்கி, அப்படியானால் பெரியவர்களை எப்படித்தான் கௌரவிப்பது என்று கேட்டான். "அவங்க பேசறப்ப எழுந்து சாப்பிடப் போவாம இருந்தா போதும்" என்றாள். ஜெயவேலு தொடையில் தட்டிச் சிரித்தார். மணி அடித்தது, அவள் வாக்கியத்தை முடித்து இறங்கினாள். பிள்ளைகளை அழைத்துப்போய்ச் சொற்போர்க் களங்களில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், எனக்கு அன்றைக்குப் புல்லரித்தது.

முதலிடம் யுவஸ்ரீ, இரண்டாமிடம் ஹரிஷ். முடிவை எழுதி ஜெயவேலுவிடம் கொடுக்கச் சொல்லிக் குமரனிடம் தந்தேன். ஜெயவேலுதான் அறிவிப்பதாக ஏற்பாடு. குமரன் போய்விட்டு அதே தாளோடு திரும்பி வந்தார்.

"அண்ணன் எழுந்து சாப்பிடப் போயிட்டாரும்மா. மனசு சரியில்ல."

"சால்வையைக் கிண்டல் பண்ணதுக்கா?"

"ச்சே, அதுக்குத்தான் சிரிச்சாரே. அந்தப் பொண்ணு பேரு சொல்லலம்மா. எல்லாப் பசங்களும் சொன்னாங்க, அது மட்டும் அண்ணன் பேரச் சொல்லல. அத்தினி பேரு மேடைல உக்காந்துக்கினு பாத்தாங்க." குமரன் குரலைத் தாழ்த்தினார். "ஹரிஷ் தம்பிக்குப் பிரச்சன இல்ல. பினாங்கு போற இன்னொரு ஆளு யாருன்னு அப்புறம் பேசிக்கலாம்னு சொல்றாரு. நன்றியுரை இன்னும் பாக்கி இருக்குது. அந்தப் பொண்ணே வந்து அண்ணன் பேரச் சொல்லி நல்லா நன்றி சொல்லிட்டா எல்லாம் சரியாப் பூடும்."

யார் உட்கார்ந்திருந்தாலும் பெயர் சொல்லாதே என்றவள் நான். மற்ற பிள்ளைகள் என் பேச்சைக் கேட்காமல் தப்பித்தார்கள், கேட்டவள் மாட்டிக்கொண்டாள். மேடைக்குப் பக்கவாட்டில் நின்றிருந்த யுவஸ்ரீயிடம் போனேன். அவளே என் முகத்தைப் பார்த்து, "நன்றியுரையா மேடம்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவரு எங்க இருக்காரு?" என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசையின் ஓரத்தில் ஜெயவேலு தனியாக இலையின் முன் உட்கார்ந்திருந்தார். கேசரி ஆறிக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் பேசினேன். பெயர் சொல்லக்கூடாது என்பது என் விதி, குற்றம் என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்காதீர்கள் என்றேன்.

"நான் கோச்சிக்கலமா" என்றார் அவர், கோபமாக. "உங்க ஊர்ல அது சரியா இருக்கலாம். எங்க ஊர்ல மேடைல உக்காந்திருக்கவன் பேரச் சொல்லலன்னா, அவன் இல்லன்னு அர்த்தம். நாளைக்கு எல்லாம் கேப்பான், 'இன்னா ஜெயவேலு, உன் மண்டபத்துலயே உன் பேரு வரலியே'ன்னு."

என் பக்கத்தில் ஒரு கை மேலே எழுந்தது.

"இடைமறிக்கலாமா ஐயா?"

ஜெயவேலு அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஆள், விதி அவருக்கும் தெரியும். "கேளு" என்றார்.

"பேரு சொல்றது எதுக்கு ஐயா? தெரியாத ஆள அறிமுகம் பண்றதுக்குத்தானே? உங்க பேரு வாசல்ல இருக்குது, நாற்காலி முதுகுல இருக்குது, இந்த டம்ளர்ல இருக்குது. நான் சொல்லலன்னா காஞ்சிபுரத்துல யாருக்குங்க ஐயா உங்களத் தெரியாம பூடும்?"

அவர் டம்ளரைத் திருப்பிப் பெயரை மறைத்து வைத்தார். "சரி. நல்லா கேட்ட. இப்ப நான் கேக்கறேன், பதில் சொல்லு. நீ எதுக்கு மேடை ஏர்ற? பினாங்கு போவணும்னு துடிக்கிற? உன் பேரு வரணும்னுதானே?"

இப்படி ஒரு திருப்பு திருப்புவார் என்று நான் நினைக்கவில்லை. யுவஸ்ரீ தூக்கிய கையை இறக்கினாள்.

"ஆமாங்கையா" என்றாள் கடைசியில். "ஆறாவதுலேர்ந்து எல்லாரு பேரையும் நான் மைக்ல சொல்லிக்கினு இருக்கேன். பந்தல் போட்டவர்லேர்ந்து கலெக்டர் வரைக்கும். என் பேர யாரும் சொன்னதில்ல. பேச வர்றவங்கள, 'இப்போது இன்னார் பேசுவார்'னு கூப்பிடுவாங்க. எனக்கு, 'அடுத்ததாக நன்றியுரை' அவ்ளோதான். நன்றியுரை சொல்றவங்களுக்கு நன்றி சொல்ல ஆளே கெடையாதுங்க ஐயா. பேரு வரலன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

ஜெயவேலு டம்ளரை எடுத்து வாயில் வைத்தார்.

"நீங்க சொன்னா இப்பவே நன்றியுரை சொல்றேன். நல்லாவே சொல்வேன். ஆனா டிக்கெட்டுக்காகத்தான் சொல்றேன்னு மைக்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

அவருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் பேரு இன்னா?" என்றார்.

"யுவஸ்ரீ."

"எந்த ஊரு?"

"முசரவாக்கம்."

"அப்பா?"

"மரியநாதன். பங்க்சர் கட. அம்மா செல்போன் கம்பெனில ஷிப்ட் வேல."

கேசரியைத் தொடாமலே எழுந்தார். கை கழுவினார். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அவ்வளவுதான், வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். யுவஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டேன். டிக்கெட்டை என் ஓய்வூதியத்தில் போட முடியுமா என்று மனசுக்குள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன்.

மைக்கில் குமரனின் குரல் கேட்டது. "அடுத்ததாக நன்றியுரை."

வழக்கம்போல் நாற்காலிகள் நகரும் சத்தம். பாதிக் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குமேல் வந்தது ஜெயவேலுவின் குரல். "உக்காருங்க எல்லாரும். நன்றியுரை நான் சொல்றேன்."

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை தாங்கியவரே நன்றியுரை சொல்வது அந்த ஊரில் நடக்காத காரியம். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் கூடத்தின் வாசலுக்கு ஓடினோம். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, தொண்டையைச் செருமினார்.

"முசரவாக்கம் மண் பெற்றெடுத்த முத்தே, உழைப்பின் சிகரம் பங்க்சர் கடை மரியநாதன் அவர்களின் தவப்புதல்வியே, ஆறாம் வகுப்பு முதல் அனைவருக்கும் நன்றி சொல்லி, ஒரு நன்றியும் பெறாத அன்பு மகளே, தம்பி ஹரிஷோடு விரைவில் பினாங்கு மண்ணில் கால் பதிக்கவிருக்கும் காஞ்சியின் வாதப் புயலே, இன்று என் மண்டபத்தில், என் மேடையில், என் பேரைச் சொல்லாமல் என்னை ஜெயித்த செல்வி யுவஸ்ரீ அவர்களே..."

பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. அவளுடைய குரலுக்கு ஒரு வணக்கம் சொன்னார், துணிச்சலுக்கு ஒன்று, செல்போன் தொழிற்சாலையில் ஷிப்டில் இருக்கும் தாய்க்கு ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் பெயர் வந்தது. பூ அலங்காரக்காரர்கள் ஏணியை உள்ளே கொண்டுவந்து மேடை ஓரத்தில் சாய்த்தார்கள். குமரன் கையைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

நேரம் ஆகிவிட்டது, நான் போய் மெதுவாக அவர் காதில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அடியெடுத்து வைத்தேன். யுவஸ்ரீ என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். கண் மேடையிலேயே இருந்தது.

"இருங்க மேடம்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் சொல்லட்டும்."